தாளம் போட்ட அம்மை

திருமலைராயன்பட்டினம் என்றதும் இலக்கியப் பிரியர்களுக்குக் காளமேகப் புலவர் நினைவுக்கு வருவார். அங்கிருந்து வடக்கே சில மைல் போனால் காரைக்கால். காளமேகத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அந்தத் துறைமுகத்து வணிகர் குலத்தில் பிறந்தவர் புனிதவதியார். பரத நாட்டியத்தின் பழமையைப் பேசப் புகுவோர் மாதவியைச் சொல்வார்கள். தஞ்சை அரசர்களைச் சொல்வார்கள். இந்த அம்மையாரை மட்டும் மறந்துவிடுவார்கள்.

கணவன் அஞ்சி விலகியதும், அழகை உதறிவிட்டுப் பேயுரு வேண்டிப் பெற்றவர் அவர். இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருந்து பாட வேண்டும் என்பதே அவர் கேட்ட வரம். திருவாலங்காட்டில் அது கிடைத்தது என்கிறது பெரிய புராணம்.

அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகங்களைப் பாருங்கள். இடமோ சுடுகாடு, சுற்றிலும் நரியும் பேயும். ஆனால் பக்கவாத்தியத்துக்குக் குறைவில்லை! சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்கள் வருகின்றன; வீணை, மத்தளம், தாளம் என்று வாத்தியங்கள் அணிவகுக்கின்றன. எல்லாம் எரிந்து சாம்பலாகும் இடத்திலும் லயம் பிசகவில்லை. நாட்டியத்தின் உட்பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பி ஆடவல்லான் காலடியில் அம்மையாரை அமர்த்தினான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், எலும்பும் தோலுமாய் உட்கார்ந்து அவர் தாளம் போடுகிறார்.

அந்தத் தாளத்தைப் பிற்காலத்தில் கோயில்களில் காத்தவர்கள் நட்டுவனார்களும் தேவதாசிகளும். 1930-களில் சதிர் என்ற பெயர் மங்கி, பரத நாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். நடராஜர் விக்கிரகமும் மேடையேறியது. 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. அது போனதற்கு யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் வழக்கத்தோடு மனிதர்களையும் அல்லவா ஒதுக்கிவிட்டோம்! சிருங்காரம் இழிவு என்றவர்களுக்கு, அந்த மரபிலேயே வந்த பாலசரஸ்வதி தாமே பாடி அபிநயித்துப் பதில் சொன்னார். அவரைப் போல் மேடையில் நிலைத்தவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் தாங்கள் ஆடியதையே வெளியில் சொல்லக் கூசி வாழ்ந்தார்கள்.

இன்று அரங்கேற்றத்தில் சிறுமிகள் நடராஜருக்குப் பூத்தூவி வணங்குகிறார்கள். அவர் காலடியில் இருந்து பாடியவர் யார் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லலாம். அந்தக் கதையைத் தொடங்கினால், பிறகு தாளம் பிடித்த கைகளைப் பற்றியும் பேசித்தானே ஆகவேண்டும்?