பாலில்லாக் களி: செப்பேடு எழுதாத வரலாறு

மார்கழி மாதத்தில் முழுநிலவை ஒட்டி வரும் திருவாதிரை நாளன்று சிவன் கோயில்களிலும் சைவ இல்லங்களிலும் களி கிண்டுவது தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். "திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி" என்பது மக்கள் பேச்சு. அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், ஏலக்காய் ஆகியவையே இதற்கு வேண்டிய அடிப்படைப் பொருள்கள். இனிப்பான இந்த அரிசி உணவில் பால் சேர்வதில்லை. இது ஏன்? இக்கேள்விக்கு விடை தேடும்போது வரலாறும் இயற்பியலும் ஒரே அடுப்பங்கரையில் வந்து கூடுவதைக் காண்கிறோம்.

இருவகைச் சான்றுகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணி வட்டத்தில் உள்ளது திருவாலங்காடு. நடராசப் பெருமானின் ஐம்பெரும் சபைகளுள் ஒன்றான இரத்தின சபை இங்கேதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பதிகம் பாடிய தலமும் இதுவே. மார்கழித் திருவாதிரையில் நடைபெறும் ஆருத்திரா தரிசனம் இவ்வூரின் பெருவிழாக்களுள் ஒன்று.

வரலாற்று மாணவர்கள் இவ்வூரை வேறொரு காரணத்தாலும் அறிவர். 1905ஆம் ஆண்டில் இங்குப் புகழ்பெற்ற சோழர் செப்பேடுகள் கிடைத்தன. சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகள் அவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அளித்ததை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன.

அரசன் கொடுத்த ஊருக்குச் செப்பேடு உண்டு. எளிய குடிசையில் கிண்டிய களிக்கு ஏது செப்பேடு? ஆயினும் அதற்கும் ஒரு சான்று இருக்கிறது. அது களியைச் செய்யும் முறையே ஆகும்.

ஒரு மாதம், இரு உணவுகள்

மார்கழிக்கு உரிய மற்றோர் இனிப்புணவைத் திருப்பாவையின் 27ஆம் பாடலில் ஆண்டாள் கூறுகிறாள். பாலில் வெந்த சோறு. முழங்கை வரை வழியும் அளவுக்கு நெய். ஆயர்பாடியை நினைந்து பாடிய பாட்டில் பாலும் நெய்யும் பெருகுவதில் வியப்பில்லை.

களியின் கதையோ விறகு வெட்டியின் வீட்டில் நிகழ்கிறது. ஒன்பதாம் திருமுறையில் உள்ள திருப்பல்லாண்டைப் பாடிய சேந்தனாரைப் பற்றி வழங்கும் கதை அது. அவர் விறகு விற்று, அடியார்க்கு உணவிட்டு வாழ்ந்தார். ஒருநாள் பெருமழையில் விறகு நனைந்து விலை போகவில்லை. வீட்டிலிருந்த மாவையும் வெல்லத்தையும் கொண்டு களி செய்து, அடியார் வேடத்தில் வந்த இறைவனுக்குப் படைத்தார். மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்று கதை முடிகிறது.

இக்கதையை ஆண்டு குறித்த வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அதில் வரும் நனைந்த விறகு சிந்திக்கத் தக்கது. மழையும் குளிரும் கூடிய காலம், எரிபொருள் அரிது, பால் வாங்கப் பொருளில்லை. இத்தகைய வீட்டுக்கு ஏற்ற சமையல் முறை எதுவாக இருக்கும்?

நனைந்த விறகின் கணக்கு

ஒரு கிலோகிராம் ஈர விறகில் பாதி நீர் என்று கொள்வோம். ஒரு கிராம் நீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியசுக்கு உயர்த்த 75 கலோரியும், அதை ஆவியாக்கச் சுமார் 540 கலோரியும் தேவை. ஆகவே அரைக் கிலோ நீரை வெளியேற்ற மட்டும் 300 கிலோகலோரிக்கு மேல் செலவாகிறது. எஞ்சிய அரைக் கிலோ உலர்ந்த கட்டை தருவதோ ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான். மேலும் தீயின் வெப்பநிலை தாழ்வதால் விறகு முழுமையாக எரியாமல் புகையாகிறது.

இனிக் களியின் முதற்படியைப் பாருங்கள். அரிசியையும் பருப்பையும் சிவக்க வறுத்து, ரவையாக உடைக்கிறோம். முழு அரிசி வேக வேண்டுமானால் நீர் மணியின் நடுப்பகுதி வரை ஊடுருவ வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். துகளின் தடிமன் பாதியானால் நேரம் கால்பங்காகிறது! வறுப்பதற்கும் தீ வேண்டுமே என்று கேட்கலாம். உலர்ந்த தானியத்தைச் சூடாக்க நீரைக் கொதிக்க வைப்பதைவிட மிகக் குறைந்த வெப்பமே போதும். அன்றியும், வறுத்து உடைத்த ரவையை மழையில்லாத நாளிலேயே செய்து வைத்துக்கொள்ளலாம்.

பாலின் வேலையைச் செய்பவை

பாயசத்தில் பால் தரும் வழவழப்பைக் களியில் ஸ்டார்ச் எனப்படும் மாப்பொருள் தருகிறது. அரிசியின் மாப்பொருள் மணிகள் 65 முதல் 80 டிகிரி அளவில் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. கொழுப்பைத் தேங்காய் அளிக்கிறது. முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பாசிப்பருப்பில் நிறைய உண்டு. எனவே சத்திலும் பெருங்குறை இல்லை.

பால் சேர்க்காததற்கு வேதியியல் காரணமும் உண்டு. வெல்லம் சற்றே அமிலத்தன்மை உடையது. கொதிக்கும் பாலில் அதைச் சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். ரவை வெந்த பிறகே வெல்லப்பாகை ஊற்றுவதும் பொருளுள்ள செயலே. சர்க்கரை நீரைத் தன்பால் பிடித்து வைத்துக்கொள்வதால், முன்னரே சேர்த்தால் ரவை வேகாமல் விறைத்து நிற்கும்.

வயது வந்தோர் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை. அதைச் செரிக்கும் நொதியைப் பெரியவரானபின்பும் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம், இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் காணப்படுகிறது. நம் முன்னோர் இதை அறிந்து களி செய்தனர் என்று கூறுவது மிகை. ஆனால் அத்தகையோருக்கும் ஏற்ற இனிப்பு நம்மிடம் இருந்து வந்துள்ளது என்பது உண்மை.

ஆறாத சூடு

மார்கழி விடியலில் களியின் சூடு நெடுநேரம் நிலைப்பது ஏன்? வெந்நீரில் சலன நீரோட்டங்கள் உட்புற வெப்பத்தை மேற்பரப்புக்கு விரைந்து கொண்டுவருகின்றன. கெட்டியான களியில் அவ்வோட்டங்கள் எழுவதில்லை. வெப்பம் கடத்தல் முறையில் மெதுவாகவே வெளிவர வேண்டும். மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரு பாத்திரங்களில், ஒரே வெப்பநிலையில், வெந்நீரையும் களியையும் சம உயரத்துக்கு நிரப்புங்கள். நடுவில் வெப்பமானியை வைத்துப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் குறியுங்கள்.

பின்னர் வந்தவை

இன்று களியின் மேல் மின்னும் முந்திரிப்பருப்பு பழைய பொருளன்று. பிரேசில் நாட்டு மரமான முந்திரியைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். வசதியுள்ள வீடுகளில் நெய்யும் தாராளமாகச் சேர்கிறது. இவ்விரண்டையும் நீக்கினாலும் களி களியாகவே இருக்கும். நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் சிறிது போதும். ஆனால் வறுப்பதையும் உடைப்பதையும் நீக்கினால் அது வேறு உணவாகிவிடும்.

ஆகவே களியைப் பால் வாங்க வழியில்லாதவர் செய்த குறைபட்ட பாயசம் என்று எண்ணுவது தவறு. குறைந்த விறகில், கையிலிருந்த பொருளில், நிறைந்த உணவை ஆக்கிய அறிவு அதில் பதிந்துள்ளது. அரசரின் கொடையைச் செப்பேடு காத்தது. இந்த அறிவை வீட்டுப் பெண்களின் கைப்பழக்கம் காத்து வந்துள்ளது. செப்பேடு மண்ணுக்குள் கிடந்தாலும் பின்னர் கிடைக்கும். கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால் மீளாது. அடுத்த திருவாதிரையில் வீட்டிலுள்ள மூத்தோரிடம், ஒவ்வொன்றையும் ஏன் அவ்வாறு செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் வரலாற்றுப் பணியே.