இலஞ்ச நியாயசபைகளும் நீதித்துறைச் சுதந்திரமும்: 1958 – 1964

அரச அலுவலரிடையே வேரூன்றிய இலஞ்சத்தைக் களைய எழுந்த சட்டமே அரசியலமைப்பின் எல்லையைக் கடக்குமாயின், அதன் விளைவு யாதாகும்? இவ்வினாவுக்கு விடைபகரும் நிகழ்ச்சியொன்று இலங்கை வரலாற்றிலேயே உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் கொடுப்போரையும் பெறுவோரையும் ஒருங்கே குற்றவாளிகளாகக் கொண்டது. எனினும், இருவரும் குற்றவாளிகளாகுமிடத்து உண்மையுரைக்க முன்வருவோர் அரியர். இத்தகைய வழக்குகள் விரைந்து முடிதல் வேண்டுமென்ற வேட்கை வலுப்பெற்றமை வியப்பன்று. 1958ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இலஞ்ச ஆணையாளர் பதவியையும், மூவர் கொண்ட நியாயசபைகளையும் தோற்றுவித்தது. குற்றவாளியெனத் தீர்க்கவும் தண்டிக்கவும் இச்சபைகள் அதிகாரம் பெற்றன. இவற்றுக்குரிய உறுப்பினரை நீதியமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார்.

இங்கேதான் இடர் தோன்றிற்று. சோல்பரி அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு நீதி அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை நீதிச்சேவை ஆணைக்குழுவிடமே ஒப்படைத்திருந்தது. அதனை மாற்றுவதாயின், 29ஆம் பிரிவின்படி மொத்த உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினர் ஆதரித்தனர் என்னும் சபாநாயகரின் சான்று வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அச்சான்று இருக்கவில்லை. எனவே, நியாயசபையொன்று வழங்கிய தண்டனையை உயர் நீதிமன்றம் 1962இல் செல்லாததாக்கியது. இலஞ்ச ஆணையாளரின் மேன்முறையீட்டை இங்கிலாந்தின் கோமறைக் கழகம் 1964 மே மாதத்தில் தள்ளுபடி செய்தது. பாராளுமன்றமும் தன்னைத் தோற்றுவித்த யாப்பு விதித்த முறைக்கு அமைந்தே சட்டமியற்றல் வேண்டுமென்பது அத்தீர்ப்பின் சாரம்.

தண்டிக்கப்பட்டவர் விடுபட்டது குற்றமற்றவர் என்பதாலன்று. தண்டித்தோர் முறைப்படி நீதிபதிகள் அல்லர் என்பதாலேயே. இலஞ்சத்தை வெறுக்கும் குடிமகனுக்கு இது கசப்பாயிருக்கலாம். ஆயின், அமைச்சரின் ஆலோசனையால் அமர்ந்தவர், அவ்வமைச்சரின் கட்சியினரை அஞ்சாது விசாரிப்பரென எங்ஙனம் நம்புவது? ஆட்சியாளர் தம் எதிரிகளை ஒடுக்கவும் அச்சபைகள் கருவியாகக்கூடும் அன்றோ?

1994ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நிறுவிய ஆணைக்குழுவுக்குப் புலனாய்வும் வழக்குத் தொடர்தலுமே உரியனவாயின; தீர்ப்பு நீதிமன்றத்திடமே நின்றது. அச்சட்டத்தையும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கி எழுந்த 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அவ்வழியே செல்கின்றது. 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு உணர்த்திய உண்மை இன்றும் நம்முன் நிற்கின்றது. ஊழலை ஒழிக்கும் கருவி எத்துணைக் கூர்மையாயினும், அதனை ஏந்தும் கை ஆட்சியாளரின் கையாயிருத்தல் ஆகாது.