பீரங்கிக் குண்டா, சிமெண்ட் ஆலைக் குண்டா?

போன முறை பங்குச்சந்தை, இந்த முறை வரலாறு. பி.காம் படிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஆயுதத்தை அடையாளம் காண்பதும் ஆடிட்டிங்கும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். கணக்கில் ஒரு பதிவு இருந்தால் வவுச்சர் எங்கே என்று கேட்கிறோம். "இது திப்பு காலத்துக் குண்டுங்க" என்று ஒருவர் சொன்னால் அங்கேயும் அதே கேள்விதான்.

கோவைப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கொங்கு நாடு மைசூர்க்காரர்களுக்கும் கும்பெனிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பூமி. 1766ல் ஹைதர் அலி பாலக்காட்டில் கோட்டை கட்டினார். 1790ல் ஜெனரல் மெடோஸ் கோவையைப் பிடித்தார். மறுவருடம் திப்புவின் படை கோவையை முற்றுகையிட்டு, நவம்பரில் லெப்டினன்ட் சால்மர்ஸைச் சரணடைய வைத்தது. அந்தக் கோட்டை இன்று இல்லை, கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது. 1799ல் திப்பு இறந்த பிறகும் தீரன் சின்னமலை விடவில்லை. 1805ல் சங்ககிரியில் தூக்கிலிடப்படும் வரை சண்டைதான். இத்தனை படைகள் போய்வந்த மண்ணில் ஒரு இரும்பு உருண்டை கிடைத்தால் அதைப் பீரங்கிக் குண்டு என்று நினைப்பது இயல்பு.

ஆனால் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை இருக்கிறதே! சிமெண்ட் அரைக்கும் பெரிய உருளைக்குள் எஃகு உருண்டைகளைப் போட்டுத்தான் அரைப்பார்கள். தேய்ந்து போனவை வெளியே வரும், எங்கெங்கோ போகும். உருவத்தில் அச்சு அசல் பீரங்கிக் குண்டு.

எங்கள் வரலாற்றுத் துறை நண்பர்கள் நடத்திய ஒரு வகுப்பில் இப்படி ஒரு உருண்டையை மேசை மேல் வைத்தார்கள். யாரோ தோட்டத்தில் கண்டெடுத்தது. முதலில் எல்லோரும் கதை சொன்னோம். பிறகு அளந்தோம். குறுக்களவு 9 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ஆறு பவுண்டு பீரங்கிக் குண்டின் அளவும் ஏறக்குறைய அதேதான், எனவே வகுப்பில் ஒரே உற்சாகம். அடுத்து எடை. இங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு உதவியது. 9 செ.மீ. உருண்டையின் கன அளவு சுமார் 382 கன செ.மீ. பீரங்கிக் குண்டு வார்ப்பிரும்பு. ஒரு கன செ.மீ.க்கு 7.2 கிராம் வரும், ஆகவே 2.75 கிலோ இருக்க வேண்டும். எஃகு என்றால் 7.8 கிராம், அதாவது 2.98 கிலோ. தராசு காட்டியது 2.95. துருப்பிடித்து உதிர்ந்தது கொஞ்சம் போக, கணக்கு எஃகுப் பக்கம்தான் நிற்கிறது. அச்சில் வார்த்த குண்டுக்கு இரண்டு பாதியும் சேர்ந்த கோடு நடுவில் தெரியலாம், உருக்கு ஊற்றிய இடத்தில் ஒரு தழும்பும் இருக்கலாம். இதில் இரண்டும் இல்லை. திப்பு வகுப்பை விட்டு வெளியேறினார், சிமெண்ட் ஆலை உள்ளே வந்தது :-)

இதே பிரச்சினை தலைகீழாகவும் நடந்திருக்கிறது, அதுதான் எனக்குச் சுவாரசியம். கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம் நகரா என்ற ஊரில், 2002ல் ஒரு பழைய கிணற்றிலிருந்து துருப்பிடித்த இரும்புக் குழல்கள் கிடைத்தன. ஏதோ குண்டு வகை என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து ஆராய்ந்தபோதுதான் அவை மைசூர் ராக்கெட்டுகள் என்று தெரிந்தது. உள்ளே வெடியுப்பும் கரித்தூளும் அடைத்திருந்தது. 2018ல் அதே ஊரில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன, ஒவ்வொன்றும் 23 முதல் 26 செ.மீ. நீளம். சில வருடங்கள் அவற்றின் மேல் தப்பான சீட்டு ஒட்டியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் இது பெரிய விஷயம்? ஐரோப்பாவில் அன்று ராக்கெட் என்றால் அட்டைக் குழல். மைசூரில் இரும்புக் குழல், அதனால் உள்ளே அதிக அழுத்தம் தாங்கும், தூரமும் அதிகம் போகும். கூடவே நீள மூங்கில் கட்டி விடுவார்கள். மூங்கில் மண்ணில் மக்கிப் போய்விடும், வெறும் குழல் மட்டும் மிஞ்சும். பார்க்கிறவருக்கு அது ராக்கெட் என்று எப்படித் தோன்றும்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிடித்தவை இங்கிலாந்து போய், வில்லியம் காங்கிரீவ் கையில் புது ஆயுதமாக மாறி, 1807ல் கோபன்ஹேகனை எரித்தன. அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். அங்கே சுவரில் ஓவியம், இங்கே கிணற்றில் அசல்!

நம்மூரில் இன்னொரு சிக்கல். கோவை ஃபவுண்டரி ஊர். காடு உழும்போது கிடைக்கும் இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும், அங்கிருந்து உலைக்குப் போகும், மோட்டார் பம்பாக வெளியே வரும். "என்னதா இருந்தாலும் கிலோ கணக்குத்தானுங்க தம்பி" என்று ஒரு கடைக்கார அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் வியாபாரத்தில் அது சரி. எங்கள் பாடத்தில் இதை எச்ச மதிப்பு என்பார்கள். ஆனால் எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்ற தகவலுக்கு எந்தத் தராசிலும் எடை கிடையாது. உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்துவிட்டாலும் அதே கதிதான், வார்ப்புக் கோடும் தழும்பும் துருவோடு போய்விடும்.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பூமிக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாயை இன்னும் மாற்றவில்லை, இன்று அதற்கு ஒரு டீ கூட வராது.

இன்னொன்று. உருண்டையில் சின்னத் துளை இருந்து, எடை கணக்கை விட ரொம்பக் குறைவாக இருந்தால் அது உள்ளே மருந்து அடைத்த வெடிகுண்டாக இருக்கலாம். தட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், வகுப்புக்குக் கொண்டுவரவே வேண்டாம். 2008ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். குண்டுக்கு அப்போது வயது 140க்கும் மேல்.