பி.டி. மாஸ்டர்களுக்கே மாஸ்டர்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு போன கூட்டத்தில் என் தலையில் கட்டிவிட்டார்கள். நம்ம குழுக்கள் தொடங்கிய கதையைத் தலைவி அக்கா எழுதிட்டாங்க. நான் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கரைப் பற்றி எழுதுகிறேன். யாரு இந்த ஆளு, நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மூணு கூட்டமாக நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த மைதான விஷயம்தான் சம்பந்தம்.

புத்தகக் கண்காட்சிக்காக என் மகளோடு சென்னை நந்தனம் போயிருந்தேன். ஒய்.எம்.சி.ஏ. மைதானம். அதே வளாகத்தில் உடற்கல்விக் கல்லூரியின் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் பி.டி. டீச்சர், “நான் நந்தனத்துல படிச்சவ, என்கிட்ட ஏமாத்த முடியாது” என்று விசிலை ஆட்டிக்கொண்டே சொல்வாங்க. அந்த நந்தனம் இதுதான். அதை உண்டாக்கினவர்தான் பக்.

1884-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்பது 1844-ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்தவ இளைஞர் சங்கம். அமெரிக்காவில் அந்தச் சங்கத்துக்காரர்கள் விளையாட்டையே ஒரு சமூக வேலையாகச் செய்தார்கள். 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் அவர்களுடைய ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர். நாலு வருஷம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலைக் கண்டுபிடித்தார். கூடைப்பந்தில் முட்டி மோத முடியாத, கொஞ்சம் வயசான வேலைக்காரர்களுக்காக யோசித்த ஆட்டம் அது. நாற்பது வயசுக்கு மேல என்ன ஆட்டம்னு கேட்ட அக்காமார்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். பட்டாளத்திலிருந்து வந்தவர் வரிசையில் நிறுத்தி, லெப்ட் ரைட் போடவைப்பார். அதில் விளையாட்டு எங்கே இருக்கும்? பிள்ளைகள் விளையாட வேண்டும், அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆசிரியர் வேண்டும் என்று 1920-ல் சென்னையிலேயே பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து பிறகு நந்தனம் கல்லூரியானது.

எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். ஒரு நல்ல ஆட்டக்காரனைத் தேடி எடுத்துப் பெரிய ஆளாக்குவது ஒரு வேலை. அவர் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. வாத்தியாரை உண்டாக்கினார். ஒரு வாத்தியார் ஒரு பள்ளிக்குப் போனால் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நாம ஒரு ஊக்குநருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் பத்துக் குழு நிற்கிற மாதிரி.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோதும் ஊர் ஊராக அலைந்து உழைத்தவர்களில் ஒருவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் ஓய்வெடுக்கவில்லை. 1943-ல் சென்னையில்தான் காலமானார்.

இனி என் கதை. ஒன்பதாம் வகுப்பில் நான் பள்ளி வாலிபால் அணியில் இருந்தேன். சர்வீஸ் போட்டால் எதிரணி திருப்பி எடுக்கத் திணறும். (நம்ப மாட்டீங்க, தெரியும்.) வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க. நந்தனத்து டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கேட்டாங்க. அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “பொம்பளப் புள்ள பந்து அடிச்சு என்ன ஆகப்போவுது?” என்று மட்டும் சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த மோரைக் குடிக்காமலே போனாங்க. அந்தச் செம்பு திண்ணையிலேயே இருந்தது.

அதனால்தான் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் இடத்தைப் பொண்ணுங்களுக்கு விடணும்னு அடம்பிடிக்கிறேன். பெரிய இடம் கேட்கவில்லை. வாலிபால் கோர்ட்டுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் சரியாக நாலு சென்ட். சுற்றி ஓடுவதற்கு இடம் விட்டால் ஒன்பது சென்ட் வரும். பெண்கள் ஆடும் வலை 2.24 மீட்டர் உயரம், ஏழடிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கம்பம், ஒரு வலை, பந்து, சுண்ணாம்பு. சில்லறைச் செலவில் முடிகிற காரியம். வைக்கோல் போர் போட்டிருக்கிறவர்களுக்குக் கஷ்டம் என்பதும் எனக்குப் புரியாமலில்லை. மாடு அவங்களுக்குச் சோறு போடுது.

கடைசிக் கூட்டத்தில் ஒரு வழியாகத் தீர்மானம் எழுதினோம். தை அறுவடை முடிந்ததும் போர் கிழக்கு ஓரத்துக்குப் போகும், சனி ஞாயிறு சாயங்காலம் பொண்ணுங்களுக்கு. கையெழுத்துப் போடாத மூன்று பேரில் ஒருவர், அன்று ராத்திரி என் வீட்டுக்கு வந்து, “எம் பேத்திய மொத நாளே சேத்துக்க, ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத” என்றார். பேரை எழுதவில்லை அக்கா, கவலைப்படாதீங்க.