பரலோகம் என்னும் முதற்சொல்: கரிசல் நிலக் கத்தோலிக்கக் குழந்தைகளும் மரணப் பாடமும்

கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் ஆகஸ்டு 15 அன்று கொண்டாடப்படும் அன்னைக்குப் பரலோக மாதா என்று பெயர். மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்னும் நம்பிக்கையை நினைவுகூரும் அத்திருநாளுக்குத் தந்தையின் தோளில் அமர்ந்து வரும் கரிசல்காட்டுக் குழந்தை, மறுமையுலகைக் குறிக்கும் சொல்லை ஒரு தாயின் பெயராகவே முதலில் கேட்கிறது. மரியாளை நோக்கிய அன்றாடச் செபத்தில் வரும் மரண வேளையைக் குறிக்கும் தொடரும், மரணம் இன்னதென்று அறியாத வயதிலேயே நாவில் படிந்துவிடுகிறது.

சொல் முந்தியும் பொருள் பிந்தியும் வரும் இம்முறை பழையது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தெருவில் மணியடித்துச் சிறுவர்களைத் திரட்டிச் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்ததையும், நோயாளிகளிடம் தாம் செல்ல இயலாதபோது அச்சிறுவர்களையே அனுப்பி, நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப் பிரமாணத்தை ஓதச் செய்ததையும் அவருடைய கடிதங்கள் கூறுகின்றன. ஆகவே சாவு நெருங்கிய பாயருகே குழந்தைக்கு ஒரு பணியே இருந்தது. அக்குழந்தை சாவைக் காணாதபடி மறைத்து வளர்க்கப்படவில்லை.

1606இல் தொடங்கிய மதுரை மிஷனின் பழம்பெரும் மையங்களுள் காமநாயக்கன்பட்டியும் ஒன்று. 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் தம் தொடக்ககாலப் பணியை அங்கு ஆற்றினார். குருமார் சிலராகவும் ஊர்கள் சிதறியும் இருந்தமையால், போதனையும் சாவு வீட்டுச் செபமும் பெரும்பாலும் வேதியர், அதாவது உபதேசியார், பொறுப்பில் விடப்பட்டன. அவர்களுக்காகவே முனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அவருடைய ‘தேம்பாவணி’யின் தலைவர் சூசையப்பர் நல்மரணத்தின் பாதுகாவலராக வணங்கப்படுபவர் என்பதும் இங்கே கருதத்தக்கது.

பின்னாளில் வினாவிடையாக அமைந்த ‘சின்னக் குறிப்பிடம்’ மரணம், தீர்வை, மோட்சம், நரகம் என்னும் நான்கையும் சிறுவர்க்கு வரிசையாகக் கற்பித்தது. தீர்வை என்பது இறைவன் வழங்கும் தீர்ப்பு. 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்குரிய வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தபோது, பாடம் இன்னும் இளம் செவிகளை எட்டியது. மனப்பாடம் அச்சத்தையும் சேர்த்தே ஊட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஞானஸ்நானம் பெறாது இறந்த சிசு மோட்சம் சேராது என்ற பழைய போதனை எத்தனை தாய்மாரை வாட்டியிருக்கும்! அத்தகைய குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை கொள்ள இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு ஆவணம் வெளியிட்டது 2007இல்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் மோட்சம் விண்ணகமாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று. அன்னையின் பெயர் மட்டும் பரலோக மாதாவாகவே நிற்கிறது. நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளில், புல் செதுக்கிய குழிமேட்டில் மெழுகுதிரி ஏற்றப் பெரியவர்கள் குழந்தையின் கையைப் பிடித்து உதவுகின்றனர். உள்ளே இருப்பது யார் என்ற கேள்விக்குத் தாத்தா என்ற உறவுப்பெயரே பெரும்பாலும் விடையாகிறது.