வலசு வந்தவங்க எதைப் பார்த்து ஊர் பிடிச்சாங்க?

போன மாசம் மட்டும் நாலு பேர் போன்ல ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "சென்னையை விட்டுட்டு கிராமத்துப் பக்கம் வந்து இருக்கலாம்னு பார்க்கறோம், எந்த ஊர்ல இடம் வாங்கலாம்?" ஒருத்தர் பெங்களூர்ல இருந்து கேட்டார். இன்ன ஊர்ல வாங்குங்கன்னு கைகாட்டுற புரோக்கர் வேலை எனக்கு வராதுங்க. ஆனா இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. இன்னைக்கு ஊர்னு இருக்கற ஒவ்வொண்ணும் ஒரு காலத்துல யாரோ வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு நின்ன இடம்தான். அவங்க எதைப் பார்த்து நின்னாங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

எங்க கொங்குப் பக்கத்துல இருந்தே ஆரம்பிக்கறேன். ஈரோடு, திருப்பூர், கரூர் சுத்துவட்டாரத்துல வலசுன்னு முடியற ஊர்ப் பேரு நிறைய இருக்கும். ஈரோட்டுக்குள்ளயே பெரியவலசு இருக்கு. பறவைங்க வலசை போகுதுன்னு சொல்றோமே, அதே குடும்பத்துச் சொல்லுதான் இதுன்னு எனக்குத் தோணுது. பழைய ஊர்ல இருந்து கிளம்பி வந்து காட்டுக்குள்ள நாலு குடும்பமா உட்கார்ந்த இடம் வலசு. பட்டின்னா ஆடு மாடு அடைச்ச இடம். பாளையம்னா படை தங்கின இடம். புதூருக்கு விளக்கமே வேண்டாம்.

ஆத்தோரத்தையும் வாய்க்காலோரத்தையும் முன்னாடி வந்தவங்க பிடிச்சுட்டாங்க. அப்புறம் வந்தவங்களுக்கு மிஞ்சினது காங்கேயம், வெள்ளகோயில், மூலனூர்ப் பக்கத்து மேட்டுக்காடு. மழை கம்மி. அங்க நெல்லு போடணும்னு அவங்க பிடிவாதம் பிடிக்கலை. கிளுவை வேலி போட்டு, உள்ள கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் காப்பாத்தி, கொறங்காடுன்னு ஒரு மேய்ச்சல் முறையை உருவாக்கினாங்க. காங்கேயம் மாடு பேர் வாங்கினது அந்தக் காட்டுல மேய்ஞ்சுதான். தண்ணி இருக்கற அளவுக்குத் தகுந்த பிழைப்பு. இடம் பார்க்கறதுக்கு முன்னாடி, அங்க என்ன பண்ணிப் பிழைக்க முடியும்னு பார்த்திருக்காங்க.

அடுத்து தெற்க போவோம். விஜயநகர ஆட்சி காலத்துலயும் அதுக்கப்புறம் 1529ல விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்த பிறகும், தெலுங்கு பேசுற குடியானவங்க நிறையப் பேர் வடக்க இருந்து இறங்கி வந்தாங்க. தாமிரபரணிக் கரையில நெல் வயல் எல்லாம் முன்னாலேயே கைமாறிக் கைமாறி நிரம்பிப் போயிருந்துச்சு. கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பெரும்பாலும் உழாம கிடந்தது. மழை பெஞ்சா காலை விட்டு எடுக்க முடியாது, காஞ்சா கை நுழையற அளவுக்கு வெடிக்கும். நெல்லு போட்டுப் பழகினவனுக்கு அது ஆகாத மண்ணு. வந்தவங்களுக்கு அது சொந்தக்கார மண்ணு, ஏன்னா தக்காணத்துல அவங்க உழுதது அதே மண்ணைத்தான். ஐப்பசி மழையைக் குடிச்சுட்டு மாசக்கணக்கா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கற மண்ணு அது. பருத்தியும் கம்பும் சோளமும் அங்க நின்னு விளைஞ்சுது. ஊரெல்லாம் ஒதுக்கின மண்ணை, அதோட குணம் தெரிஞ்சவன் வந்து எடுத்துக்கிட்டான்.

எல்லாரும் மண்ணைப் பார்த்து வரலை. பட்டு நெய்யற சௌராஷ்டிரர்கள் மதுரையில திருமலை நாயக்கர் மஹாலைச் சுத்திக் குடியிருந்தாங்க. வாங்கறவன் எங்க இருக்கானோ அங்கதானே தறி ஓடும்? தென்கோடிப் பனைக்காட்டுல இருந்து வியாபாரத்துக்குக் கிளம்பின நாடார்கள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊரைப் பிடிச்சாங்க. இந்த விருதுபட்டிதான் இன்னைய விருதுநகர். வண்டிப்பாதையும் பருத்தி யாவாரமும் அங்க இருந்துச்சு. வண்டி, மாடு, சரக்கு எல்லாம் ராத்திரி பத்திரமா நிக்கறதுக்குப் பேட்டை கட்டினாங்க. வியாபாரத்துல ஒரு பங்கை மகமைன்னு எடுத்து வெச்சு, பொதுக் காரியத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவு பண்ணினாங்க.

இவ்வளவு இருந்தும் அவங்களைச் சுத்தி இருந்த ஊரு உடனே ஏத்துக்கலை. கோயிலுக்குள்ள போற உரிமையில ஆரம்பிச்ச பகை 1899ல சிவகாசிக் கலவரம் வரைக்கும் போயி உயிர்ச்சேதம் ஆச்சு. இடமும் பிழைப்பும் சரியா இருந்தா மட்டும் ஒரு ஊரு நம்ம ஊராயிடாதுங்க. நம்மளை அந்த ஊரு மனுசனா மதிக்குதாங்கறது தனிக் கணக்கு.

இதுவரை சொன்னது தேர்ந்தெடுக்க வழி இருந்தவங்க கதை. அது இல்லாதவங்க கதையையும் சொல்லணும். 1934ல மேட்டூர் அணை கட்டி முடிச்சப்போ காவிரியோரத்துல பல ஊர் தண்ணிக்குள்ள போயிருச்சு. அணையில தண்ணி நல்லா இறங்குற வருசம் பண்ணவாடிப் பக்கம் போனா பழைய கோயில் நந்தியும் சர்ச்சு கோபுரமும் வெளிய தெரியும். டூரிஸ்ட்டுங்க படம் எடுத்துட்டு வர்றாங்க. அங்க குடியிருந்தவங்ககிட்ட போகணுமா வேண்டாமாங்கற கேள்வியை யாரும் விட்டு வைக்கலை. அந்தத் தண்ணியிலதான் டெல்டா விளைஞ்சுது, நாமளும் சோறு சாப்பிட்டோம். நந்தியைப் படம் எடுக்கறவங்க அதையும் ஒரு நிமிசம் நினைக்கணும்.

இன்னொண்ணு பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டரா இருந்த திரமென்ஹீர் 1891ல ஒரு அறிக்கை கொடுத்தார். குடியிருக்கற மனை கூடச் சொந்தமில்லாம, மிராசுதாரர் நினைச்சா எழுப்பிவிடுற நிலைமையில தாழ்த்தப்பட்ட மக்கள் இருக்காங்கன்னு எழுதினார். அதைத் தொடர்ந்து 1892ல அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு உத்தரவு போட்டுச்சு. பத்து வருசத்துக்கு விக்கக் கூடாது, அதுக்கப்புறமும் அந்த மக்களுக்குள்ளயேதான் விக்கணும்னு நிபந்தனை. ஒதுக்கினது 12 லட்சம் ஏக்கர்னு சொல்லுவாங்க. அதுல பெரும் பங்கு இன்னைக்கு வேற கையில இருக்கு. நெல்லு விளைவிச்ச கைக்கு, தான் எங்க குடியிருக்கணும்னு முடிவெடுக்கற உரிமை தலைமுறை தலைமுறையா இல்லை. ஊர் நல்ல இடத்துல மேட்டுல இருக்கும், அவங்க தெரு தண்ணி தேங்குற பள்ளத்துல இருக்கும். இன்னைக்கும் எந்தக் கிராமத்துக்குள்ள போனாலும் இதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். மேல சொன்ன மனுசங்ககிட்ட இருந்து நான் எடுத்துக்கிட்டது இதுதான்.

மார்கழியில வந்து பச்சையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீங்க. வைகாசியில வாங்க. அக்கம்பக்கத்துக் கிணத்தை எட்டிப் பாருங்க, தண்ணி எத்தனை அடியில இருக்குன்னு கேளுங்க. எங்க தாத்தா காலத்துக் கிணறு எழுபது அடி. இப்ப ஆயிரம் அடி போர் போடறாங்க. நீங்க வந்து புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் ஆயிரத்து இருநூறு அடிக்கு ஓட்டை போட்டா, பக்கத்துத் தோட்டத்துக்காரன் தென்னை காயும். அவன் உங்ககிட்ட வந்து சண்டை போடமாட்டான், நிலத்தை வித்துட்டுத் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிடுவான்.

நீங்க வாங்கப் போற நிலம் பஞ்சமி நிலமான்னு பழைய ரெக்கார்டை எடுத்துப் பாருங்க. பத்திரம் சுத்தமா இருக்குன்னு விக்கறவன் சொல்றதோட விட்டுடாதீங்க.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க. பேட்டை கட்டினவங்க முதல்ல பாதையைத்தான் பார்த்தாங்க.

அப்புறம் ஊருக்குள்ள ஒரு டீக்கடையில பத்து நாள் உட்காருங்க. யாரு பெஞ்சுல உட்கார்றாங்க, யாரு வெளியவே நின்னு குடிச்சுட்டுப் போறாங்கன்னு பாருங்க. வாடகைக்கு வீடு கேட்டா முதல் கேள்வி என்ன வருதுன்னு கவனிங்க. அந்தக் கேள்விக்கு உங்க பதில் அவங்களுக்குப் பிடிச்சுப் போயி வீடு உடனே கிடைச்சிருச்சுன்னா, அதே கேள்வியால கிடைக்காம போனவங்களும் இருப்பாங்கன்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

நீங்க வர்றதுல எங்களுக்குச் சந்தோசம்தாங்க. எங்க பக்கம் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே வருது, பூட்டின வீடு கூடிக்கிட்டே போகுது. வர்றவங்க கொறங்காடு போட்டவங்க மாதிரி இருக்கற தண்ணிக்குள்ள பிழைக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா போதும். அடுத்த வைகாசியில எங்க ஊர்ப் பக்கம் வந்தா சொல்லுங்க, முதல்ல கிணத்தைக் காட்டறேன்.