டி.சி. கொடுத்தால் மட்டும் போதுமா? 8-ல் இருந்து 9-க்குப் போகும் மாணவர்களுக்காகப் பள்ளிகள் ஏன் கைகோர்க்க வேண்டும்?

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் தொடங்கி ஒரகடம் வரை எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இந்த ஆலைகளின் வாசலில் பெரும்பாலும் கேட்பது பிளஸ் டூ, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ. எட்டாவதோடு நின்றுவிட்ட பிள்ளைக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல வேலைகூட எட்டாமல் போய்விடும்.

அப்படி நின்றுபோவது பல நேரங்களில் ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்கு மாறும் இடத்தில்தான். அங்கே என்ன நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

9-ஆம் வகுப்பில் என்ன சிக்கல்?

நடுநிலைப் பள்ளி 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடும். 9-ஆம் வகுப்புக்கு உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்கு மாற வேண்டும். அந்த ஒரே மாற்றத்தில் பல விஷயங்கள் மாறிவிடுகின்றன.

• தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி உண்டு. 9-ல் இருந்து ஃபெயில் ஆகும் வாய்ப்பு வருகிறது.

• இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்குத்தான். 8-ஆம் வகுப்போடு அதன் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

• பள்ளி தூரமாகிறது. லாரி ஓடும் சாலையைத் தாண்ட வேண்டியிருக்கும். அரசின் இலவச சைக்கிள் கிடைப்பதோ 11-ஆம் வகுப்பில்தான்.

"அதான் பாஸ் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று பழைய பள்ளி நினைக்கும். "யார் வந்து சேருகிறார்களோ அவர்கள்தான் நம்ம பிள்ளைகள்" என்று புதிய பள்ளி நினைக்கும். டி.சி. வாங்கிக்கொண்டு எங்குமே சேராத பிள்ளை இந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறது.

பள்ளிகள் கைகோர்ப்பது என்றால் என்ன?

பிள்ளையைப் பற்றி பழைய பள்ளிக்குத் தெரிந்தது புதிய பள்ளிக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் வகுத்தல் வராதவர் யார், தமிழ் வாசிக்கத் தடுமாறுபவர் யார், அப்பா அம்மா இருவருமே ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடு எது என்பதெல்லாம் எட்டாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும். அது டி.சி.யில் எழுதப்படுவதில்லை.

இது புது யோசனையா?

இல்லை. கோத்தாரி கல்விக்குழு (1964-66) அப்போதே, உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் ஒரே தொகுப்பாக இணைக்கச் சொன்னது. 2019-ல் தமிழ்நாட்டில், மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் பொறுப்பில் அருகிலுள்ள பள்ளிகளைக் கொண்டுவர அரசாணை வந்தது. இது கூட்டுறவு இல்லை, கண்காணிப்பு என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. ஒரு பள்ளி இன்னொரு பள்ளிக்கு மேலதிகாரி ஆகாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இங்குள்ள சவால்.

இப்போது என்ன வசதிகள் உள்ளன?

எமிஸ்: பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. டி.சி. கொடுத்ததும் பெயர் 'பொதுத் தொகுப்பு'க்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்கும். ஜூன் மாதம் கடந்தும் ஒரு பெயர் அங்கேயே நின்றால், இரண்டு பள்ளிகளும் விசாரிக்க வேண்டிய நேரம் அது.

திறன் இயக்கம்: 2025-26 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை தொடங்கப்பட்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை வராதவர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்படுகிறது. பழைய பள்ளியின் விவரம் கையில் இருந்தால், இந்த உதவி யாருக்குத் தேவை என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை: 8-ஆம் வகுப்பில் தேர்வு எழுதி வென்றால், 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வுக்குத் தயார்படுத்துவது ஒரு பள்ளி, இணையதளத்தில் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க உதவ வேண்டியது இன்னொரு பள்ளி. தகவல் விட்டுப்போனால், நான்கு ஆண்டுகளில் வர வேண்டிய ரூ.48,000 கைநழுவிவிடும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள்?

இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் அதிகம். 2006-ஆம் ஆண்டு சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். 2015-16-ல் அது பத்தாம் வகுப்பையும் எட்டியது. ஏழாம், எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு நேரம் மிகக் குறைவு. தமிழ்ப் பயிற்சியை ஒரு பள்ளி தொடங்கி அடுத்த பள்ளி விட்டுவிட்டால், பத்தாம் வகுப்பில் மாட்டிக்கொள்வது அந்தப் பிள்ளைதான்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• மதிப்பெண் பட்டியலோடு, எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்கி இருக்கிறது என்பதை எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு, புதிய வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள்.

• என்.எம்.எம்.எஸ். தேர்ச்சி பெற்றிருந்தால், சேர்க்கை நாளிலேயே தலைமை ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "போன வருஷம் எட்டாவது முடிச்சவங்க எல்லாரும் ஒன்பதாவது சேர்ந்தாச்சா?" என்று பெயர் வாரியாகக் கேளுங்கள்.

• சேர்க்கையில் சிக்கல் என்றால் பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணை அழைக்கலாம்.

மகள் அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து முடித்துக் கல்லூரி போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இதெல்லாம் கைக்கு வர, முதலில் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.